கிருபையும் மீட்பும், இரண்டு சபைகள்: ஓர் இணைய வகுப்புக்கு ஐந்துக்கு மூன்றரை

மீட்பைப் பற்றிக் கத்தோலிக்கர்களும் புராட்டஸ்டன்டுகளும் எங்கே ஒத்துப்போகிறார்கள், எங்கே பிரிகிறார்கள் என்பதை மட்டுமே எடுத்துக்கொண்டு நடத்தும் ஓர் இணைய வகுப்பை முழுசாகக் கேட்டு முடித்தேன். பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்றால் கீழே குறையும் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பத்துப் பாடங்கள். ஒரு கத்தோலிக்கக் குருவும் சீர்திருத்தச் சபையைச் சேர்ந்த ஒரு பாஸ்டரும் சேர்ந்து உட்கார்ந்து நடத்துகிறார்கள். ஒவ்வொரு பாடத்துக்கும் எழுத்து வடிவம் உண்டு, முடிவில் ஒரு சின்ன வினாடி வினா உண்டு, ஒன்பதாம் பாடம் முழுக்கக் கேள்வி பதில். பாடங்களுக்கு மட்டும் என்றால் நாலரை நட்சத்திரம் கொடுத்திருப்பேன், மீதியை எட்டாம் பாடமும் வினாடி வினாவும் தின்றுவிட்டன.

இந்த விஷயத்தில் இணையத்தில் கிடைப்பதில் பாதிக்கு மேல் சண்டைக்கென்றே தயாரித்த சரக்கு. "அவர்கள் நல்ல காரியம் செய்து மோட்சத்தைச் சம்பாதிக்கப் பார்க்கிறார்கள்" என்று ஒரு பக்கம், "இவர்களுக்கு விசுவாசித்தால் போதும், அப்புறம் எப்படி வேண்டுமானாலும் வாழலாம்" என்று இன்னொரு பக்கம். இரண்டும் தவறு என்பதை முதல் பாடத்திலேயே போட்டு உடைத்துவிடுகிறார்கள், அதுவும் ஆளுக்கு ஆள் சமாதானம் பேசி அல்ல, ஆவணத்தைக் கையில் வைத்துக்கொண்டு. ஃபாதர், கத்தோலிக்க ஆயர்கள் கூடிய திரெந்து பொதுச்சங்கம் 1547 ஜனவரி 13 அன்று வெளியிட்ட ஆணையை எடுக்கிறார். அதில் 16 அதிகாரங்கள், 33 கண்டனங்கள். புராட்டஸ்டன்ட் சீர்திருத்தத்தைத் தொடங்கிவைத்த லூதரின் போதனைக்குப் பதில் சொல்ல எழுதப்பட்ட ஆணை என்பதால் முதல் கண்டனமே அவர் தலையில் இறங்கும் என்றுதான் யாரும் நினைப்போம். ஆனால் கிறிஸ்துவின் வழியாக வரும் அருள் இல்லாமல் மனிதன் தன் சொந்தச் செயல்களால் கடவுள் முன் நீதிமானாக முடியும் என்று சொல்கிறவன்தான் முதலில் சபிக்கப்படுகிறான்! லூதர் அதற்கு முந்தைய வருடமே இறந்துபோனார், உயிரோடு இருந்திருந்தால் மற்ற கண்டனங்களைக் கிழித்துப் போட்டுவிட்டு இந்த ஒன்றுக்கு மட்டும் கையெழுத்துப் போட்டிருப்பார் என்று எனக்குத் தோன்றியது.

அதே ஆணையின் எட்டாம் அதிகாரம் இன்னும் வெளிப்படையாகப் பேசுகிறது. நீதிமானாக்கப்படுவதற்கு முன்னால் மனிதனிடம் இருக்கும் எதுவும், விசுவாசமானாலும் சரி செயலானாலும் சரி, அந்த அருளுக்கு அவனைத் தகுதியுள்ளவனாக்காது என்கிறது. அங்கிருந்து ஃபாதர் பின்னோக்கிப் போகிறார். மனிதன் தன் சொந்த பலத்தில் நல்லவனாக முடியும் என்ற பெலாஜியஸின் போதனையை 418-ல் கார்த்தேஜ் சங்கம் தள்ளியது. கடவுளைத் தேடும் முதல் ஆசையாவது நம்முடையதாக இருக்கட்டுமே என்று சிலர் பேரம் பேசியதையும் 529-ல் ஆரஞ்சு நகரச் சங்கம் தள்ளியது. முதல் அடியும் கடவுளுடையதே, நம்ப வேண்டும் என்ற ஆசையே அருள்தான் என்பது லூதருக்கு ஏறக்குறைய ஆயிரம் வருடம் முன்பே மேற்கத்திய திருச்சபை முடிவு செய்த விஷயம். அப்புறம் பாஸ்டர் தன் பக்கத்துக் கேலிச்சித்திரத்தை எடுத்துக்கொள்கிறார். விசுவாசம் சும்மா இருக்கத் தெரியாத உயிருள்ள காரியம், நல்லது செய்யாமல் அதனால் இருக்கவே முடியாது என்று ரோமர் நிருபத்துக்கான தன் முன்னுரையில் லூதரே எழுதியிருக்கிறார். சீர்திருத்தச் சபையாரின் 1646-ன் வெஸ்ட்மின்ஸ்டர் விசுவாச அறிக்கையும் நீதிமானாக்கப்பட விசுவாசம் ஒன்றே கருவி, ஆனால் நீதிமானாக்கப்பட்டவனிடம் அது ஒருபோதும் தனியாக இருப்பதில்லை என்கிறது. "எப்படி வேண்டுமானாலும் வாழலாம்" என்பதற்கு இதில் எங்கே இடம்?

சரி, அப்படியானால் இத்தனை நூற்றாண்டுச் சண்டை எதற்கு? இதற்குத்தான் மூன்றாம் நான்காம் பாடங்கள். வகுப்பில் வேறு எதையும் கேட்காவிட்டாலும் இந்த இரண்டையும் கேளுங்கள். அருளா செயலா என்பது கேள்வியே இல்லை என்று ஆரம்பிக்கிறார்கள். அருள் வந்து மனிதனிடம் என்ன செய்கிறது, எந்த நீதியைப் பார்த்துக் கடவுள் அவனை ஏற்றுக்கொள்கிறார், இதுதான் கேள்வி. பாஸ்டர் நீதிமன்றத்தைக் காட்டுகிறார். கடவுள் தீர்ப்புச் சொல்கிறார், தீர்ப்புக்கு ஆதாரம் குற்றவாளியிடம் இருக்கும் எதுவும் இல்லை, கிறிஸ்துவின் நீதி அவன் கணக்கில் எழுதப்படுகிறது, அதைக் கைநீட்டி வாங்கிக்கொள்வதுதான் விசுவாசம். ரோமர் 4:5 கடவுளைப் பாவியை நீதிமானாக்குகிறவர் என்று சொல்வதை அவர் அழுத்திப் பிடிக்கிறார்: முதலில் நல்லவனாக்கி அப்புறம் ஏற்றுக்கொள்கிறார் என்று பவுல் எழுதவில்லை, பாவியாக இருக்கும்போதே ஏற்றுக்கொள்கிறார் என்று எழுதுகிறார். அதனால்தான் விசுவாசி ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியுமாக இருக்கிறான் என்று லூதர் சொன்னார்.

ஃபாதர் மருத்துவமனையைக் காட்டுகிறார். கடவுள் வாயால் சொல்லிவிட்டு உள்ளே ஒன்றும் மாறாமல் விட்டுவிடுகிறவர் அல்ல, அவர் நீதிமான் என்று சொன்னால் அந்த ஆள் நீதிமானாக ஆகிறான். உரோமையர் 5:5 சொல்வதுபோல தூய ஆவியின் வழியாகக் கடவுளின் அன்பு உள்ளத்தில் பொழியப்படுகிறது, அந்த அன்பால் மாறிய மனிதனையே கடவுள் ஏற்கிறார். திரெந்து ஏழாம் அதிகாரம் இதைத் தத்துவ மொழியில் பூட்டுப் போட்டு வைக்கிறது: நாம் நீதிமான்களாவதற்கு ஒரே வடிவக் காரணம் (ஒன்றை அதுவாகவே ஆக்குவது எதுவோ அது) கடவுளின் நீதி, அதாவது அவர் தாம் நீதியுள்ளவராக இருக்கும் நீதி அல்ல, நம்மை நீதியுள்ளவர்களாக்கும் நீதி. பாவமன்னிப்பும் உள்ளான புதுப்பிப்பும் ஒரே நிகழ்வின் இரண்டு பக்கங்கள்.

நீதிமன்றம் மருத்துவமனை என்ற இந்த உவமை இரண்டு பாடங்களுக்குத் தாங்குகிறது, அதற்கு மேல் இழுத்தால் கிழிகிறது. ஏனென்றால் புராட்டஸ்டன்டுக்கும் மருத்துவமனை உண்டு. கிறிஸ்துவோடு இணைகிறவனுக்கு நீதிமானாக்கப்படுதல், பரிசுத்தமாகுதல் என்று இரட்டைக் கிருபை கிடைக்கிறது, இரண்டையும் குழப்பக் கூடாது, பிரிக்கவும் முடியாது என்பது சீர்திருத்தச் சபைகளின் முன்னோடி கால்வினின் போதனை. அவருடைய பிடிவாதமெல்லாம் குணமான அறிக்கையைக் கொண்டுபோய் நீதிமன்றத்தில் ஆதாரமாக வைக்கக் கூடாது என்பதில்தான் இருக்கிறது. கத்தோலிக்கருக்கோ குணமாவதும் விடுதலையாவதும் ஒன்றே. வகுப்பில் இதை இவ்வளவு தெளிவாகச் சொல்லவில்லை, இரண்டு பேரும் அவரவர் உவமையை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள், கேட்கிறவர்தான் கோர்த்துக்கொள்ள வேண்டும்.

கோர்த்துவிட்டால் மற்றதெல்லாம் வரிசையாக விழுகிறது. நீதி உள்ளே பொழியப்படுவது என்றால் அது வளரலாம், குறையலாம், போயும் போகலாம். அதனால்தான் கத்தோலிக்கருக்கு அருள் வாழ்வு திருமுழுக்கில் தொடங்குகிறது, சாவான பாவத்தில் (கனமான விஷயம், முழு அறிவு, முழுச் சம்மதம், மூன்றும் சேர்ந்தால்தான்) அது இழக்கப்படுகிறது, ஒப்புரவு அருட்சாதனத்தில் திரும்பக் கிடைக்கிறது. கணக்கில் எழுதப்படும் நீதி என்றால் அது கிறிஸ்துவின் முழு நீதி, அதில் கூட என்ன, குறைய என்ன? இறந்த பிறகு ஆன்மா தூய்மையாகும் உத்தரிக்கும் தலத்தைப் பற்றி ஏழாம் பாடத்தில் கொஞ்ச நேரமே பேசுகிறார்கள், ஆனால் நான் கேட்டதிலேயே உருப்படியான விளக்கம் அதுதான். இரண்டு பக்கமும் வழக்கம்போல மக்கபேயர் புத்தகம் வேதத்தில் சேருமா சேராதா என்று மோதிக்கொள்வார்கள் என்று எதிர்பார்த்தேன். அதை ஒரே வாக்கியத்தில் தாண்டிவிட்டு ஃபாதர் நேராக விஷயத்துக்கு வந்துவிட்டார். உண்மையாகவே தூய்மையாவது மீட்பின் பகுதி என்றால் அந்த வேலை பாதியில் நிற்கும்போது இறக்கிறவருக்கு அது முடிக்கப்பட்டாக வேண்டும், அவ்வளவுதான் உத்தரிக்கும் தலம் என்றார். பாஸ்டரும் அதே கணக்கைத் திருப்பிப் போட்டார்: தீர்ப்பு கிறிஸ்துவின் நீதியின் மேல் நிற்கிறதென்றால் முடிக்கப்பட வேண்டியது என்று எதுவும் மிச்சமில்லை.

ஐந்தாம் பாடம் சுமார். பவுலும் யாக்கோபும். விசுவாசத்தால் நீதிமான் என்னும் ரோமர் 3:28 ஒரு பக்கம், விசுவாசத்தால் மட்டுமல்ல என்னும் யாக்கோபு 2:24 ஒரு பக்கம், ஆபிரகாம் நடுவில். இருவரும் வசனங்களை அடுக்கிக்கொண்டே போகிறார்கள், லூதர் யாக்கோபின் நிருபத்தை வைக்கோல் என்று சொன்ன பழைய கதையும் வருகிறது. கலாத்தியர் 5:6, அன்பினால் செயல்படும் விசுவாசம், அந்த வசனத்தில் இரண்டு பேரும் சந்தித்திருக்கலாம், அதைத் தொட்டுவிட்டு ஓடுகிறார்கள்.

ஆனால் அடுத்த பாடம் அந்தக் குறையை ஈடுகட்டிவிடுகிறது. 1541, ரேகன்ஸ்பர்க். பேரரசர் ஐந்தாம் சார்லஸ் இரண்டு தரப்பையும் ஒரே மேசையில் உட்காரவைக்கிறார். கத்தோலிக்கத் தரப்பில் எக், க்ரோப்பர், ஃப்லூக், மறுதரப்பில் மெலாங்தன், பூட்சர், பிஸ்டோரியுஸ், திருத்தந்தையின் தூதராகக் கர்தினால் கொந்தாரினி. இந்த எக் வேறு யாருமில்லை, 1519-ல் லைப்சிக்கில் லூதரை மேடையில் மடக்கப் பார்த்த அதே ஆள். அப்படிப்பட்டவர்கள் கூடி நீதிமானாக்கப்படுதல் பற்றிய ஐந்தாம் பிரிவில் உடன்பாட்டுக்கே வந்துவிட்டார்கள்! உள்ளே கொடுக்கப்படும் நீதியும் உண்டு, கிறிஸ்துவின் நீதி நமக்கு எண்ணப்படுவதும் உண்டு, ஆனால் ஆன்மா சாய்ந்துகொள்ள வேண்டியது கிறிஸ்துவின் நீதியின் மேல்தான் என்ற வகையில் எழுதினார்கள். அப்போது 31 வயதான கால்வினும் அங்கே இருந்தார், எதிர்த்தரப்பு இவ்வளவு இறங்கி வந்ததைப் பார்த்து ஆச்சரியப்பட்டு நண்பர் ஃபரேலுக்குக் கடிதம் எழுதினார்.

பேச்சு உடைந்தது வேறு இடத்தில், நற்கருணையிலும் திருச்சபையின் அதிகாரத்திலும். உடைந்த பிறகு ஒத்துக்கொண்ட பிரிவையும் யாரும் காப்பாற்றவில்லை. அங்கும் இங்கும் ஒட்டுப்போட்டது என்று லூதர் தள்ளினார், ரோமாபுரியும் தள்ளியது. ஐந்து வருடம் கழித்து திரெந்தில் அகுஸ்தீன் சபைத் தலைவர் செரிப்பாந்தோ இதே திசையில் ஒரு கருத்தை வைத்தார். பாதி வழியில் நிற்கும் நம் நீதியோடு கிறிஸ்துவின் நீதியையும் பற்றிக்கொள்ள இடம் விடுங்கள் என்று அவர் கேட்டதற்கு இயேசு சபையின் லாயினெஸ் உட்படப் பலர் எதிர்த்துப் பேசி முடித்துவிட்டார்கள். மேலே சொன்ன "ஒரே வடிவக் காரணம்" என்ற பூட்டில் அந்த "ஒரே" எதற்கு என்று எனக்குப் பல வருடமாகப் புரியாமல் இருந்தது, அது செரிப்பாந்தோ திறந்து வைத்த கதவைச் சாத்துவதற்காம். இந்த ஒரு பாடத்துக்காகவே வகுப்பை வாங்கலாம்.

ஏழாம் பாடத்தின் பெரும்பகுதி பேறுபலன் (நற்செயலால் கடவுள் முன் கிடைக்கும் தகுதி) பற்றியது. கத்தோலிக்கரைப் பார்த்துப் புராட்டஸ்டன்டுகள் அதிகம் முகம் சுளிப்பது இதற்குத்தான், நியாயம்தான், 32-ஆம் கண்டனம் நீதிமானாக்கப்பட்டவரின் நற்செயல்கள் நித்திய வாழ்வுக்கு உண்மையாகவே பேறு தேடித் தருகின்றன என்பதை மறுக்கிறவனைச் சபிக்கிறது. இதை மழுப்பாமல் ஃபாதர் முழுசாக வாசித்தது எனக்குப் பிடித்தது. அதற்கு மேல் அவர் காட்டுவது 1992-ல் வந்த கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூலின் 2007-ஆம் பத்தி: கண்டிப்பான உரிமை என்ற பொருளில் மனிதனுக்குக் கடவுளிடம் எந்தப் பேறுபலனும் இல்லை. நம் பேறுகளுக்கு முடிசூட்டும்போது கடவுள் தம் கொடைகளுக்கே முடிசூட்டுகிறார் என்ற அகுஸ்தீனாரின் நிலைப்பாடு இதற்குப் பின்னால் இருக்கிறது. அடுத்து 2011-ஆம் பத்தி. லிசியேயின் தெரேசா 1895-ல் எழுதிய ஒப்புக்கொடுத்தல் மன்றாட்டு அங்கே மேற்கோளாக இருக்கிறது: வாழ்வின் மாலையில் வெறுங்கையோடு உம் முன் நிற்பேன், என் செயல்களை எண்ண வேண்டாம் என்று கேட்கிறேன், எங்கள் நீதியெல்லாம் உம் கண்களில் கறைபட்டது, ஆகவே உம்முடைய நீதியையே உடுத்திக்கொள்ள விரும்புகிறேன் என்கிறார்.

ஃபாதர் இதை யார் எழுதியது என்று சொல்லாமல் வாசித்துவிட்டு பாஸ்டரிடம் கேட்கிறார், இது யாராக இருக்கும் என்று. பாஸ்டர் கொஞ்சம் யோசித்து, நம் ஆட்களில் ஒருவர்தான், பழைய லூதரன் பாட்டு ஏதாவதாக இருக்கும் என்கிறார். 1997-ல் திருச்சபையின் மறைவல்லுநராக அறிவிக்கப்பட்ட கார்மேல் சபைத் துறவி என்று தெரிந்ததும் அவர் சிரித்துவிட்டு, "அப்படியானால் 32-ஆம் கண்டனத்தை அந்தம்மா எப்படிச் சமாளித்தார்?" என்று கேட்டார் பாருங்கள், அந்த ஒரு கேள்வியில் அரை மணி நேரம் ஓடியது. ஃபாதரின் பதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. பேறு கடவுளின் வாக்குறுதியைச் சார்ந்தது, நம் செயலின் எடையைச் சார்ந்தது அல்ல என்றார். சரி, ஆனால் வாக்குறுதிதான் எல்லாம் என்றால் பேறு என்று தனியாக ஒன்றைக் காப்பாற்றி வைப்பானேன்? பாஸ்டரும் தப்பவில்லை. புதிய ஏற்பாடு கைம்மாறு, கிரீடம், கூலி என்று திரும்பத் திரும்பப் பேசுவதை என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது அவரும் கிருபையின் கூலி என்று சுற்றி வளைத்து ஃபாதர் நின்ற இடத்துக்குப் பக்கத்திலேயே வந்து நின்றார்.

எட்டாம் பாடத்தில்தான் எனக்குக் கோபம் வந்தது. "புராட்டஸ்டன்ட் குடும்பங்கள்" என்று தலைப்பு, உள்ளே ஒரே குடும்பம்தான், பாஸ்டருடையது. இந்த விஷயத்தில் புராட்டஸ்டன்டுகளுக்குள் இருக்கும் தூரம் சில இடங்களில் ரோமாபுரிக்கும் லூதரின் விட்டன்பர்க்குக்கும் உள்ள தூரத்தைவிட அதிகம். லூதரன்களுக்குக் குழந்தை ஞானஸ்நானத்திலேயே மறுபிறப்பு நடக்கிறது, விசுவாசத்தை விட்டு விழுந்துபோகவும் முடியும். பாப்டிஸ்டுகளுக்கு ஞானஸ்நானம் ஏற்கெனவே விசுவாசித்தவர் கொடுக்கும் சாட்சி. கிருபையை மனிதன் எதிர்க்க முடியுமா, மீட்கப்பட்டவன் கெட்டுப்போக முடியுமா என்று அர்மீனியஸின் சீடர்கள் எழுப்பிய கேள்விகளுக்காகவே 1618-19-ல் டோர்ட் நகரில் ஒரு சங்கம் கூடி அவர்களைத் தள்ளியது. மெத்தடிஸ்டுகளின் முன்னோடி வெஸ்லி வருகிறார், முந்திவரும் கிருபை எல்லாருக்கும் உண்டு, ஏற்பதும் மறுப்பதும் மனிதன் கையில், இழக்கவும் முடியும், இந்த உலகிலேயே அன்பில் பூரணமாகவும் முடியும் என்கிறார். 1738 மே 24 அன்று லண்டனில் ஒரு கூட்டத்தில் லூதரின் ரோமர் முன்னுரையை யாரோ வாசிக்கக் கேட்டு இதயம் அனலானதாக எழுதிய மனிதர், பரிசுத்தத்தைப் பற்றிப் பேசும்போது பல கத்தோலிக்கர்களுக்குப் பக்கத்துவீட்டுக்காரர் போல இருக்கிறார். இவ்வளவையும் பாஸ்டர் "சில சபைகள் வேறுவிதமாகச் சொல்லும்" என்று ஒரு வரியில் முடிக்கிறார். இன்று உலகத்தில் புராட்டஸ்டன்ட் என்று சொல்லிக்கொள்கிறவர்களில் பெந்தெகொஸ்தே சபையார் எத்தனை பேர், அவர்களுக்கு ஒரு வார்த்தை கிடையாது.

ஃபாதர் பக்கமும் இதே கதைதான். கத்தோலிக்கர்கள் எல்லாரும் ஒரே குரலில் பேசுவதுபோல ஒரு தோற்றம். டொமினிக்கன் பாஞ்ஞெஸின் ஆட்களும் இயேசு சபை மோலினாவின் ஆட்களும் அருளும் சுதந்திரமும் எப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்று 1597 முதல் 1607 வரை ரோமாபுரியிலேயே வழக்காடினார்கள். கடைசியில் ஐந்தாம் பவுல் யார் பக்கமும் தீர்ப்புச் சொல்லாமல், ஒருவரையொருவர் கண்டனம் செய்யக் கூடாது என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டார். அந்தக் கோப்பு இன்னும் மூடப்படவில்லை. கால்வினின் சீடர்களும் அர்மீனியஸின் சீடர்களும் தனித்தனிச் சபைகளாகப் பிரிந்த அதே கேள்வியில் கத்தோலிக்கத்துக்குள் இரண்டு தரப்பும் ஒரே பீடத்தில் பலி நிறைவேற்றிக்கொண்டிருந்தார்கள் என்பது இந்த வகுப்புக்குக் கிடைத்த அருமையான உதாரணம், தொடவே இல்லை.

ஒன்பதாம் பாடம், கேள்வி பதில். ஒரு மாணவர் அந்தப் பழைய கேள்வியைத்தான் கேட்டார்: இன்று இராத்திரி நீங்கள் இறந்தால் பரலோகம் போவீர்களா? பாஸ்டர் உடனே, போவேன் என்றார். 1 யோவான் 5:13, நித்திய ஜீவன் உண்டென்று நீங்கள் அறியும்படி எழுதினேன் என்று யோவானே சொல்கிறார், கிறிஸ்துவின் மேல் நிற்கும் தீர்ப்பை நான் சந்தேகித்தால் கிறிஸ்துவையே சந்தேகிக்கிறேன் என்றார். ஃபாதர் உடனே பதில் சொல்லவில்லை. இறுதிவரை நிலைத்திருப்பது என்ற கொடை தனக்கு உறுதி என்று தனி வெளிப்பாடு இல்லாமல் யாரும் முழு நிச்சயத்தோடு சொல்ல முடியாது என்று திரெந்து சொல்வதை முதலில் ஒத்துக்கொண்டார். அப்புறம் 1431-க்குப் போனார். நீ கடவுளின் அருளில் இருக்கிறாயா என்று ஜோன் ஆஃப் ஆர்க்கை நீதிபதிகள் கேட்கிறார்கள். ஆம் என்றால் ஆணவம், இல்லை என்றால் குற்ற ஒப்புதல். படிக்கத் தெரியாத அந்தப் பெண், இல்லையென்றால் கடவுள் என்னை அதில் வைப்பாராக, இருந்தால் என்னை அதில் காப்பாராக என்று சொன்னாள். மறைக்கல்வி நூல் இதையே மேற்கோளாக எடுத்து வைத்திருக்கிறது. "என்னுடைய பதிலும் அதுதான்" என்றார் ஃபாதர்.

கேட்ட மாணவருக்கு அது போதவில்லை, அப்படியானால் பயத்திலேயே வாழ வேண்டுமா என்று திருப்பிக் கேட்டார். பயம் வேறு நம்பிக்கை வேறு, கடவுள் கைவிடமாட்டார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை, நான் அவரைக் கைவிடமாட்டேன் என்பதற்குத்தான் நான் உத்தரவாதம் தர மாட்டேன் என்றார் ஃபாதர். இந்தப் பதில் வகுப்பில் எல்லாரையும் கொஞ்சம் அசைத்தது. அங்கேதான் பாஸ்டர், யாரும் நெருக்காமலே, தன் பக்கத்துப் பிரச்சினையை எடுத்து வைத்தார், அதற்காக அவருக்கு ஒரு நட்சத்திரம் தனியாகக் கொடுக்கலாம். உண்மையான விசுவாசிக்கும் இந்த நிச்சயம் கிடைக்க நெடுநாள் ஆகலாம் என்று வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையின் 18-ஆம் அதிகாரமே சொல்கிறது, தங்கள் விசுவாசம் மெய்யா போலியா என்று கண்டுபிடிக்கத் தங்கள் செயல்களையே நாள்தோறும் தோண்டிப் பார்த்துத் தூக்கம் கெட்ட ப்யூரிட்டன்கள் (ஆங்கிலேயச் சீர்திருத்தக்காரர்கள்) எத்தனையோ பேர் என்றார். காகிதத்தில் நிச்சயம் உள்ளவர்கள் படுக்கையில் தவித்ததும், காகிதத்தில் நிச்சயம் இல்லாதவர்கள் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போனதும் நடந்திருக்கிறது. வகுப்பிலேயே உயிருள்ள இடம் இது.

பத்தாம் பாடம் 1999 அக்டோபர் 31, ஆக்ஸ்பர்க், கத்தோலிக்கத் திருச்சபையும் லூதரன் உலகக் கூட்டமைப்பும் நீதிமானாக்கப்படுதல் பற்றிக் கையெழுத்திட்ட கூட்டறிக்கை. 15-ஆம் பத்தியை வாசிக்கிறார்கள்: அருளால் மட்டுமே, நம் பக்கத்து எந்தத் தகுதியாலும் அல்ல, கிறிஸ்துவின் மீட்புச் செயலில் வைக்கும் விசுவாசத்தில், கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார், நம் உள்ளத்தைப் புதுப்பித்து நற்செயலுக்கு அழைக்கும் தூய ஆவியையும் பெறுகிறோம். 2006-ல் மெத்தடிஸ்டுகளும் 2017-ல் சீர்திருத்தச் சபைகளின் உலகக் கூட்டமைப்பும் இதில் சேர்ந்துகொண்டார்கள். நல்லது. ஆனால் இருவரும் இதைச் சொல்லிவிட்டுச் சண்டை முடிந்தது என்று கைகுலுக்கிப் பாடத்தை முடிப்பது கொஞ்சம் அவசரம். 1998-ல் ரோமாபுரி கொடுத்த பதிலிலேயே, ஒரே நேரத்தில் நீதிமானும் பாவியும் என்பதை எங்களால் அப்படியே ஏற்க முடியாது என்று இருந்தது, அதைச் சரிக்கட்டத்தான் தனியாக ஓர் இணைப்பு எழுதினார்கள். ஜெர்மனியில் நூற்றுக்கும் மேற்பட்ட புராட்டஸ்டன்ட் இறையியல் பேராசிரியர்கள் எதிர்த்துக் கையெழுத்திட்டார்கள், அமெரிக்காவின் மிசூரி லூதரன் சபை போன்றவர்கள் இன்றுவரை வெளியேதான் இருக்கிறார்கள். அதே 1998 நவம்பரில்தான் 2000-ஆம் யூபிலி ஆண்டுக்கான பரிபூரண பலன்களையும் (மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மிஞ்சும் தண்டனையை நீக்கும் சலுகை) இரண்டாம் யோவான் பவுல் அறிவித்தார். 1517-ல் எல்லாம் தொடங்கியதே பலன்களை விற்றதில்தான். இப்போது விற்பனை இல்லை, அது திரெந்து காலத்திலேயே போயிற்று, ஆனால் மன்னிக்கப்பட்ட பாவத்துக்கும் மிஞ்சும் தண்டனை உண்டு என்ற கணக்கு இருக்கத்தான் செய்கிறது. பாஸ்டர் இதைக் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை. நாகரிகம் தடுத்திருக்கலாம்.

இனி சேவை. ஒலிப்பதிவில் பாஸ்டரின் மைக் குறைவாகக் கேட்கிறது, ஃபாதர் பேச ஆரம்பித்ததும் காது அடைக்கிறது, சத்தத்தைக் கூட்டிக் குறைத்தே விரல் தேய்ந்தது. எழுத்து வடிவம் இயந்திரம் தட்டியது போல, யாக்கோபு 2:24 "யாக்கோபு 224" என்று வருகிறது, வசனம் தேடுகிறவர்கள் பாவம். இதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். வினாடி வினாவைப் பொறுக்க முடியாது. இரண்டாம் பாடத்தின் முடிவில் ஒரு கேள்வி: "கத்தோலிக்கப் போதனைப்படி முதல் அருளை மனிதன் நற்செயலால் பெறலாம், சரியா தவறா?" தவறு என்று அழுத்தினேன், சிவப்பு விழுந்தது. சரியான விடை "சரி"யாம்! ஒரு மணி நேரம் ஃபாதர் திரெந்தையும் ஆரஞ்சு சங்கத்தையும் வைத்து உடைத்த பொய்யை, வினா தயாரித்த யாரோ ஒருவர் ஒட்டவைத்துத் திருப்பிக் கொடுத்திருக்கிறார். இன்னொன்று, "புராட்டஸ்டன்டுகளின்படி நற்செயல்கள் தேவையில்லை", அதற்கும் விடை "சரி". பாடத்தைக் கேட்காத ஆள்தான் முழு மதிப்பெண் வாங்குவார். எழுதிக் கேட்டேன், கருத்துக்கு நன்றி என்று தானாக அனுப்பப்படும் பதில் ஒன்று வந்தது, கேள்விகள் அப்படியே இருக்கின்றன.

இரண்டு சபைகளில் பிறந்து திருமணம் செய்துகொள்ளப் போகிறவர்கள், மறைக்கல்வியோ ஞாயிறு பள்ளியோ நடத்துகிறவர்கள், வீட்டில் இந்த வாக்குவாதம் ஓயாதவர்கள் தாராளமாக எடுக்கலாம். ஒன்று, மூன்று, நான்கு, ஆறு, ஏழு, ஒன்பது என்ற வரிசையில் கேளுங்கள். மெத்தடிஸ்டோ பெந்தெகொஸ்தேயோ என்றால் எட்டாம் பாடத்தில் உங்களைத் தேட வேண்டாம். எதிராளியை மடக்க வசனம் வேண்டும் என்று மட்டும் வருகிறவர்களுக்கு ஐந்தாம் பாடம் இருக்கிறது, அதோடு நிறுத்திக்கொள்ளலாம், வினாடி வினாவிலும் நல்ல மதிப்பெண் வரும்.